என் உத்தியோகமும் ஐயாவின் பேரேடும்

கடந்த சித்திரை விடுமுறைக்கு ஊருக்குச் சென்றிருந்தேன். இரண்டாம் நாள் மாலை, அயல்வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி தன் தாயாருடன் என்னைக் காண வந்தாள். உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவிற் பயில்பவள். தேநீர் ஆறும்வரை தாயார் ஊர்ப் புதினங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னர் மகளின் முழங்கையை மெல்லத் தட்டி, "கேளன் பிள்ளை" என்றார்.

"அன்ரி, நீங்கள் கொழும்பிலை மென்பொருள் பொறியியற் பணிப்பாளராம். அந்த இடத்துக்கு வர என்ன படிக்க வேணும்? எத்தினை வருஷம் செல்லும்?"

நான் கேட்டதற்கு விடை கூறினேன். கணிதத்திற் சிறந்த பெறுபேறு வேண்டும், பல்கலைக்கழகத்தில் நான்காண்டு, பின்னர் செய்நிரல் எழுதுபவராகச் சில ஆண்டு, அதன்பின் சிறு குழுவொன்றுக்குத் தலைமை, பின்னர் பல குழுக்களுக்குப் பொறுப்பு. என் வரையில், 1998ஆம் ஆண்டு உத்தியோகத்திற் சேர்ந்து, 2014ஆம் ஆண்டு பணிப்பாளரானேன் என்றேன். அவள் கொப்பியில் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக்கொண்டாள்.

அவர்கள் சென்றபின் என் மனம் அமைதியடையவில்லை. நான் கூறியவற்றிற் பொய் ஏதும் இல்லை. ஆயினும், உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும்போது கடுதாசியில் எழுதும் வரலாற்றையே அவளுக்குச் சொன்னேன். அக்கடுதாசியில் எழுதாத வரலாறு ஒன்று உண்டு. அதனைச் சொல்லாது விட்டது ஒரு பிள்ளைக்கு அரைகுறையாக வழிகாட்டியது போலாகும். எனவே இங்கு எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஐயா வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் சங்கக்கடை முகாமையாளராக இருந்தவர். அவருக்குக் கணினி தெரியாது. கடைசிவரை அதைத் தொட்டும் பார்த்தவரல்லர். ஆனால் கணக்குத் தெரியும். மாலையிற் கடையைப் பூட்டிவிட்டுப் பேரேட்டை வீட்டுக்குக் கொண்டுவருவார். சிறு வயதிலிருந்தே அவருக்குப் பக்கத்திலிருந்து நிரல்களைக் கூட்டிக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் பிழையாக எழுதிய தொகையை நான் றப்பரினால் அழிக்கப் போனபோது, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழிக்காதை பிள்ளை. ஒரு கோடு போட்டு வெட்டு. பக்கத்திலை சரியானதை எழுது. அதுக்குப் பக்கத்திலை உன்ரை பேரிலை ஓர் எழுத்துப் போடு. நாளைக்குப் பாக்கிறவனுக்கு என்ன பிழை நடந்தது, ஆர் திருத்தினது எண்டு தெரிய வேணும்."

அழித்த கணக்கை எவரும் நம்பார். வெட்டித் திருத்திய கணக்கை நம்புவர். இதனை நான் கணினி விஞ்ஞானம் படித்து அறிந்துகொள்ளவில்லை.

1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று. வெற்று ஜாம் போத்தலில் சிறிது பஞ்சை இட்டு, அப்பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் வார்த்து, சிறு திரி கொளுத்திப் படித்த தலைமுறை நாங்கள். சங்கக்கடையிற் பங்கீட்டு அட்டைக்கு எண்ணெய் கொடுக்கும் நாளில் விடியற்காலமே வரிசை நிற்கும். அத்தகைய ஒருநாள், கடையிலே நின்ற உதவியாளப் பொடியன் சில அட்டைகளிற் பதியாமலே எண்ணெயை அளந்து கொடுத்துவிட்டான். மாலையிற் கணக்குப் பார்த்தபோது ஏழு போத்தல் குறைந்தது. அன்றைய விலையில் அது சிறு தொகையன்று. ஐயா அதனைத் தம் சம்பளத்தில் வெட்டும்படி எழுதிக் கையொப்பமிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. "பிழை விட்டது அவன். நீங்கள் ஏன் ஐயா கட்ட வேணும்?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கத்துக்குக் கீழை கிடக்கிறது என்ரை கையொப்பம்" என்றார். வேறு விளக்கம் கூறவில்லை. மறுநாள் அப்பொடியனைப் பக்கத்தில் இருத்தி, முதலில் அட்டையிற் பதிவு, அதன்பின்பே எண்ணெய் என்று ஓர் ஒழுங்கைக் கற்பித்தார். அதன்பின் அக்கடையில் அப்பிழை நேரவில்லை. அன்று எனக்கு ஐயா ஏமாளியாகவே தோன்றினார்.

1993ஆம் ஆண்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கிடைத்தது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலம். கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்திற் கடந்து, வவுனியா சேர்ந்து, அங்கிருந்து புகைவண்டியிற் கொழும்பு சென்றேன். இருபது வயதிலேதான் முதன்முதலாகக் கணினியின் முன் அமர்ந்தேன். பக்கத்திலிருந்த நகரத்துப் பிள்ளைகள் பத்து விரலாலும் தட்டச்சுச் செய்ய, நான் ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி அழுத்தினேன். ஆயினும் எனக்கு ஓர் அநுகூலம் இருந்தது. மின்சாரமில்லாத ஊரில் வளர்ந்தமையால், எதையும் முதலிற் கடுதாசியில் முற்றாக எழுதி, மனத்தினால் ஓட்டிப் பார்த்துவிட்டே இயந்திரத்தை அணுகும் பழக்கம் இருந்தது. அப்பழக்கம் இன்றும் என்னைக் கைவிடவில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் இடம்பெயர்ந்தனர். எங்கள் வீட்டாரும் தென்மராட்சிக்கு நடந்தனர். பல வாரங்களின் பின் வந்த கடிதத்தில், ஐயா தம் துவிச்சக்கர வண்டியின் பின்னாற் கட்டிக்கொண்டு போனது சங்கக்கடைப் பேரேட்டைத்தான் என்று அம்மா எழுதியிருந்தார். கடிதத்தில் அம்மாவின் கோபம் நன்றாகத் தெரிந்தது.

பட்டம் பெற்றதும் கொழும்பில் ஒரு நிறுவனத்திற் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்த முதல் வேலை பிறர் விட்ட குறையைத் திருத்துவதே. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கோபோல் மொழியில் எழுதப்பட்ட செய்நிரல்கள் பலவற்றில் ஆண்டினை இரண்டு இலக்கங்களால் மட்டுமே குறித்திருந்தனர். 1998 என்பது 98. அவ்வாறாயின் 2000ஆம் ஆண்டு 00 ஆகும். இயந்திரமோ அதனை 1900 என எண்ணக்கூடும். வட்டிக் கணக்கும் வயதுக் கணக்கும் தலைகீழாகும் அபாயம் இருந்தது. பல்லாயிரம் வரிகளை ஒவ்வொன்றாக வாசித்துத் திருத்தினோம். முதலில், இதனை எழுதியவர்கள் எத்துணை மதியீனர் என்று சிரித்தோம். பின்னரே உண்மை விளங்கிற்று. அக்காலத்திற் கணினியின் நினைவகம் பொன்போல விலையுயர்ந்தது. இரண்டு இலக்கங்களை மிச்சப்படுத்தியவர்கள் தங்கள் காலத்துக்கு ஏற்ற சிக்கனத்தையே செய்தார்கள். தாங்கள் எழுதியது முப்பது ஆண்டு வாழும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. 1999ஆம் ஆண்டு மார்கழி 31ஆந் திகதி இரவைக் கந்தோரிலேயே கழித்தேன். நள்ளிரவு கடந்தது, எங்கள் இயந்திரங்களில் ஒன்றும் நேரவில்லை.

இனி, விண்ணப்பக் கடுதாசியில் நான் எழுதாத பகுதிக்கு வருகிறேன்.

2004ஆம் ஆண்டில் நான் ஆறு பேர் கொண்ட குழுவொன்றுக்குத் தலைவி. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் முகவர்களுக்கு மாதந்தோறும் தரகுப்பணம் கணித்துக் கொடுக்கும் செய்நிரலை ஆக்கிக்கொண்டிருந்தோம். எங்கள் குழுவில் மாத்தறைப் பக்கத்து இளைஞர் ஒருவர் இருந்தார். பட்டம் பெற்று எட்டு மாதமே ஆகியிருந்தது. என்னை 'அக்கா' என்றே அழைப்பார். கூட்டுத்தொகை கணிக்கும் பகுதியை அவர் எழுதினார். அதனை வாசித்துச் சரிபார்ப்பது என் கடமை. வேலை நெருக்கடி மிகுந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஐந்து நிமிடம் கண்ணோட்டிவிட்டு 'சரி' என்று பதிந்தேன்.

அவர் விட்ட பிழை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவின்றி நீளுமல்லவா? கணினி இரண்டை அடியாகக் கொண்டு எண்ணுவது. அவ்வெண்முறையிற் பத்தில் ஒரு பங்கும் அவ்வாறே முடிவின்றி நீளும். எங்கோ ஓரிடத்தில் அதனை வெட்டியே ஆகவேண்டும். ஒரு தடவை வெட்டுவதால் வரும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான தொகைகளைக் கூட்டும்போது அது சதமாகி வெளியே தெரியும். ஆகவே பணத்தை எப்பொழுதும் முழுச் சதங்களாகவோ, பணத்துக்கென்றே அமைந்த தசம முறையிலோ கணிக்க வேண்டும். இது அற்ப விஷயமன்று. 1991ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆந் திகதி, வளைகுடா யுத்தத்தின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் 'பேற்றியட்' என்னும் ஏவுகணைத் தடுப்புப் பொறி எதிரியின் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கச் சிப்பாய்கள் மாண்டனர். பத்தில் ஒரு செக்கனை வெட்டிக் கணித்ததில் வந்த நுண்ணிய பிழை, நூறு மணி நேரம் ஓய்வின்றி ஓடிய இயந்திரத்தில் ஒரு செக்கனின் மூன்றில் ஒரு பங்களவுக்கு வளர்ந்துவிட்டதே அதன் காரணம்.

எங்கள் பிழையினால் எவரும் இறக்கவில்லை. ஆனால் மாத முடிவில் இரு கணக்குகளும் பொருந்தவில்லை. முகவர்களின் பணம் மூன்று நாள் தடைப்பட்டது. தொலைபேசியிற் கூட்டம் கூடிற்று. மேலதிகாரி, "இதனை எழுதியவர் யார்?" என்று கேட்டார்.

நான் அந்த இளைஞரின் பெயரைச் சொன்னேன்.

அது பொய்யன்று. கேட்ட கேள்விக்குச் சரியான விடையே. சரிபார்த்தவர் யார் என்று எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்த அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அன்று மாலையே அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்பட்டது. மூன்று நாளிற் பிழையைத் திருத்தியதற்காக எனக்குப் பாராட்டுக் கிடைத்தது.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். போர்நிறுத்தத்தினால் ஏ-9 வீதி திறந்திருந்த காலம்; பேருந்திலேயே வீடு வரை செல்ல முடிந்தது. இரவுச் சாப்பாட்டின் பின் ஐயாவுக்கு நடந்ததைக் கூறினேன். பாராட்டுக் கிடைத்ததைச் சொல்லவே தொடங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் பக்கத்துக்குக் கீழை ஆற்றை கையொப்பம் பிள்ளை?"

நான் பதில் கூறவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை. அம்மா வந்து விளக்கை அணைக்கும்வரை இருவரும் பேசாதிருந்தோம்.

கொழும்பு திரும்பியபோது அந்த இளைஞரின் கதிரை வெறுமையாக இருந்தது. வேலையை விட்டு விலகிவிட்டார். நான் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். செய்நிரலைச் சரிபார்த்து ஒப்புதல் அளித்தவள் நானே. அதனைக் கவனமாக வாசித்திருந்தால் பிழை வெளியே சென்றிராது. ஆகவே முதற் பொறுப்பு என்னுடையது என்று எழுதினேன். அதன் பிரதியொன்றை அவருக்கும் அனுப்பினேன். மேலிடத்தார் கடிதத்தைக் கோப்பிற் சேர்த்தனர். என்னைத் தண்டிக்கவில்லை. அவரை மீண்டும் அழைக்கவுமில்லை. ஒரு மாதத்தின் பின் அவரிடமிருந்து இரண்டு வரி வந்தது: கடிதத்தைத் தம் தாயாருக்கு வாசித்துக் காட்டியதாகவும், தாயார் இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னதாகவும் எழுதியிருந்தார். என்னை மன்னித்ததாக அவர் எழுதவில்லை. அதை எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கில்லை.

அதன் பின்னர்தான் என் தொழிலிற் பெரியவர்கள் தங்கள் தவறுகளை எவ்வாறு நோக்கினர் என்பதைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். மார்கரெட் ஹமில்டன் என்னும் அம்மையார், அப்பலோ விண்கலத்தின் வழிகாட்டுக் கணினிக்குச் செய்நிரல் ஆக்கிய மாசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 'மென்பொருள் பொறியியல்' என்னும் பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர். மாலை வேளைகளிலும் வார இறுதிகளிலும் தம் சிறு மகளையும் ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் செல்வார். ஒருநாள் அக்குழந்தை விசைகளை அழுத்தி விளையாடுகையில், பறப்பின் நடுவே, ஏவுமுன் மட்டும் ஓட வேண்டிய செய்நிரலை இயக்கிவிட்டாள். போலிப் பறப்புக் குலைந்தது. விண்வெளி வீரரும் இவ்வாறு தவறலாமே, தடுப்பு ஒன்று வைப்போம் என்றார் தாயார். பயிற்சி பெற்ற வீரர் அவ்வாறு தவறமாட்டார் என்று மேலிடம் மறுத்துவிட்டது. 1968ஆம் ஆண்டு மார்கழியில், அப்பலோ 8 பறப்பில், ஜிம் லொவெல் என்னும் தேர்ந்த வீரர் அதே செய்நிரலை அழுத்திவிட்டார். கலத்தின் திசைத் தரவுகள் அழிந்தன. அவற்றைத் திரும்ப அமைக்கப் பெரும்பாடுபட்டனர். அதன்பின் தடுப்பு வைக்க அனுமதி கிடைத்தது. அழுத்திய விரல் யாருடையது என்பதை விட்டுவிட்டு, அழுத்த இடங்கொடுத்த அமைப்பு எது என்று அந்த அம்மையார் நோக்கினார். அட்டையிற் பதிவு முதலில், எண்ணெய் அதன்பின் என்று ஐயா ஒழுங்கு செய்ததும் இதுவே அல்லவா?

பிரெட் புரூக்ஸ் என்பவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் 'சிஸ்ரம்/360' கணினியின் இயக்க முறைமையை ஆக்கும் பெரும் பணியை அறுபதுகளில் நடத்தியவர். அவ்வேலை மிகவும் பிந்தியது. 1975ஆம் ஆண்டில் 'த மிதிக்கல் மான்-மன்த்' என்னும் நூலை வெளியிட்டு, தாம் எங்கெங்கே தவறினார் என்பதை உலகறிய எழுதினார். பிந்திய வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று அவர் கண்ட உண்மையை, எங்கள் தொழிலில் அறியாதவர் இல்லை. தம் தோல்வியை மறைத்திருந்தால் அந்நூல் பிறந்திராது.

இன்று என் நாள் எவ்வாறு கழிகிறது என்று பலர் கேட்பதுண்டு. நான் செய்நிரல் எழுதுவது அருமை. பிறர் எழுதியதை வாசிக்கிறேன். புதியவர்களைத் தெரிவு செய்கிறேன். முடியாத திகதியைக் கேட்கும் வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்கிறேன். ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார், யார் சரிபார்த்தார் என்பதெல்லாம் நாங்கள் பயன்படுத்தும் கருவியிற் பதிவாகும். திருத்தம் செய்தால் பழையது மறையாது. புதியது அதன் பக்கத்திற் சேரும். இதனை முதன்முதற் கண்டபோது எனக்கு ஐயாவின் வெட்டுக்கோடுதான் நினைவுக்கு வந்தது. பிழை நேரும்போது எங்கள் கந்தோரில் ஓர் ஒழுங்கு உண்டு. 'யார்' என்று முதலிற் கேட்பதில்லை. என்ன நடந்தது, எது அதற்கு இடங்கொடுத்தது, மீண்டும் நேராதிருக்க எதனை மாற்றுவது என்று மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுவோம். வெளியே பெயர் ஒன்று சொல்ல வேண்டி வந்தால், அது என் பெயர்.

ஐயா 2012ஆம் ஆண்டு காலமானார். நான் பணிப்பாளரானதை அவர் அறியார். பேரேடுகள் சங்கத்துக்குரியவை, அவற்றை எப்போதோ ஒப்படைத்துவிட்டார். எங்களிடம் ஒரு பக்கந்தானும் இல்லை.

ஊரைவிட்டுப் புறப்படும் நாளன்று அயல்வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, இங்கு எழுதியதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். அவள் கெட்டிக்காரி. உடனே கேட்டாள்: "பிழை என்ரை எண்டு ஒப்புக்கொண்டால் வேலை போகாதோ அன்ரி?"

"போகவும் கூடும்" என்றேன். போகாது என்று கூற எனக்கு மனம் வரவில்லை. அந்த இளைஞருக்கு வேலை போயிற்று. அதுவும் அவர் பங்கைவிடக் கூடுதலான பழியைச் சுமந்து. ஆனால் ஒன்றைச் சொன்னேன். அவருடைய இடத்தில் நின்று உண்மையைச் சொல்வது கடினம். என் இடத்தில் நின்று சொல்வது அவ்வளவு கடினமன்று. மேலே இருப்பவர் முதலிற் சொன்னால், கீழே இருப்பவர் அஞ்சாமற் சொல்வார். மேற்பதவி என்று ஒன்று இருப்பதன் பயனே அதுதான்.

தாயார் வாசற்படியிலே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இவள் போன தவணை கணிதத்திலை குறைஞ்ச புள்ளியை எனக்கு ரெண்டு கிழமை சொல்லேல்லை" என்றார்.

"சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீங்கள் அக்கா?" என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்தார். பின்னர் மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஏசித்தான் இருப்பன்" என்றார்.

பிள்ளையும் சிரித்தாள். ஆனால் அந்தக் கொப்பியைத் திறந்து, முன்பு நான் சொன்ன பட்டியலின் கீழே ஏதோ எழுதிக்கொண்டதைக் கண்டேன். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.